எல்லாத்தையும் இடியன் எண்டு எழுதாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பரில வந்த வாசகர் கடிதம் ஒண்டப் பாத்துத்தான் இத எழுதுறன். வெளிநாட்டில குழல் வாயால வெடிமருந்து போடுற நவீன ரைபிள் கடையில விக்கிறாங்கள், அத வைச்சு வேட்டையும் ஆடுறாங்கள், அதுவும், பைப்பில களவாச் செய்து வாயால மருந்து இடிச்சு நிரப்புற எங்கட இடியன் துவக்கும் ஒண்டுதானே, அப்ப இங்க மட்டும் ஏன் பிடிச்சு உள்ள போடுறீங்கள் எண்டு அந்த அண்ணன் கேட்டிருந்தவர். அவற்ற கோவம் எனக்கு விளங்குது, கதிர் முத்துற நேரம் காட்டுப்பண்டி வந்து ஒரு ராவில அரை ஏக்கர் வேளாண்மைய உழுது விட்ட மாதிரி கிளறிட்டுப் போனா ஆருக்குத்தான் கோவம் வராது. ஆனா ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொன்னார் பாருங்கோ, அதுதான் பிழை, அத நம்பி ஒரு பொடியன் கையப் பறிகுடுத்தான் எண்டா நாங்கள் எல்லாரும் பேசாம இருந்தது பிழையாப் போகும்.

நான் திருகோணமலையில 38 வருசம் லேத் வேலை செய்தவன். இப்ப கண் கொஞ்சம் மங்கல், பட்டறைய மருமகன் பாக்கிறான், நான் கதிரையப் போட்டுக்கொண்டு பக்கத்தில இருக்கிறது. வள்ளத்து என்ஜினுக்கு சாஃப்ட், மோட்டருக்கு புஷ், அரிசி மில்லுக்கு உருளை, இதுகள்தான் எங்கட வேலை. ஆனா வருசத்தில ஒருத்தராவது ஒரு பைப்ப உரச்சாக்கில சுத்திக்கொண்டு வந்து, அண்ணை இதுக்குப் பின்னால ஒரு மரை வெட்டித் தாங்கோ எண்டு கேப்பாங்கள். என்னத்துக்கு எண்டு அவங்களும் சொல்ல மாட்டாங்கள், நானும் கேக்க மாட்டன், ரெண்டு பேருக்கும் தெரியும். நான் ஒருநாளும் செய்து குடுக்கேல்ல. பயத்தில எண்டு நினைக்காதேங்கோ, பைப் என்ன இரும்பு எண்டு எனக்குத் தெரியும். தண்ணி போறதுக்குச் செய்த பைப், தகட்ட வளைச்சு நீட்டுக்கு ஒட்டினது, உள்ளுக்குப் பாத்தா அந்த ஒட்டு ஒரு தழும்பு மாதிரித் தெரியும். மருந்து எரியேக்க வாற அமுக்கம் அந்தத் தழும்பத்தான் முதல்ல தேடும்.

2023 ஒக்டோபரில மகளிட்ட அமெரிக்கா போனன், அவ பென்சில்வேனியாவில இருக்கிறா. பக்கத்து வீட்டில ஒரு பெரியவர், என்ர வயசுதான் இருக்கும், வேலியால கதைச்சுக் கதைச்சு நல்ல பழக்கமாப் போச்சு. அங்க ஒக்டோபரில குழல் வாயால மருந்து போடுற துவக்குக்கு எண்டே தனியா ஒரு சீசன் திறப்பாங்களாம், பெண் மான் சுடுறதுக்கு, ஒரு கிழமை. பேந்து நத்தார் முடிஞ்சு அடுத்த நாளில இருந்து இன்னொரு சீசன், அதில சக்குமுக்கிக் கல்லுத் துவக்கு மட்டும்தான் விடுவினம், 200 வருசத்துக்கு முந்தின மாதிரி. லைசன்ஸ் இருக்கோணும், ஒக்டோபர் சீசனில ஒரேஞ்ச் நிறச் சட்டை போடோணும், எத்தினை மான் எண்டு கணக்கு இருக்கு. நான் கடைசல்காரன் எண்டு மகள் சொல்லி வைச்சிருக்கிறா, அவர் ஒருநாள் கூப்பிட்டு தன்ர துவக்க மேசையில வைச்சுக் கழட்டிக் காட்டினார்.

அவர் முதல்ல காட்டினது துவக்க இல்ல, கம்பிய. மருந்தையும் சன்னத்தையும் உள்ளுக்குத் தள்ளுற அந்தக் கம்பியத்தான் எடுத்துக் காட்டினார். அதில பேனையால ரெண்டு கோடு போட்டிருந்தவர். வெறும் குழலுக்குள்ள கம்பிய விட்டார், அடியில போய் டங் எண்டு இரும்பில அடிச்சுது, கோடு ஒண்டு குழல் வாயோட நேரா நிண்டுது. அது வெறுமையா இருக்கு எண்டு சொல்ற கோடு. மற்றது அளவா மருந்தும் ஒரு சன்னமும் உள்ள இருக்கேக்க நிக்கிற கோடு. அதுக்கு மேல நிண்டா ஒண்டில் ரெண்டாந்தரம் நிரப்பியிருக்கிறாய், இல்லாட்டி சன்னம் மருந்தில போய்ச் சேராம நடுவழியில நிக்குது எண்டார். ரெண்டும் ஆபத்து. சன்னத்துக்கும் மருந்துக்கும் இடையில இடைவெளி விழுந்தா, அந்தச் சன்னமே அடைப்பு மாதிரி நிண்டு குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். ஒரு வேர்னியர் வைச்சு அளக்கிற வேலைய ரெண்டு பேனைக் கோட்டால செய்யிறார் மனிசன். எனக்கு அந்த இடத்தில நெஞ்சுக்குள்ள ஏதோ செய்தது, ஏன் எண்டு கொஞ்சம் பொறுத்துச் சொல்றன்.

பேந்து துவக்கின்ர பின்பக்கத்த மடக்கித் திறந்து ஒரு பிளக்கக் கையால சுழட்டிக் கழட்டினார், சாவி கூடத் தேவைப்படேல்ல. இப்ப பின்னால இருந்து பாத்தா குழல் முழுக்கத் தெரியுது, முன்னால வெளிச்சம். நான் பாத்த நல்ல வேலைகளில அதுவும் ஒண்டு எண்டு சொல்லுவன். பின்பக்கம் திறக்காத பழைய துவக்கில உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு கண்ணால பாக்க வழியே இல்ல, கழுவுறதெண்டாலும் முன்வாயாலதான். இதில சுடாம வீட்ட வந்தா பின்னால கழட்டி மருந்தக் கொட்டிப்போட்டு, சன்னத்தத் தள்ளி எடுத்திடலாம். நல்ல துவக்கு எதெண்டு என்னட்டக் கேட்டா முதலாவது இதத்தான் சொல்லுவன். உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு சந்தேகமில்லாமக் காட்டோணும், பேந்துதான் மற்றதெல்லாம்.

மற்றது நெருப்பு. பழைய துவக்கில நெருப்பு பக்கத்தில பிடிச்சு ஒரு சின்ன ஓட்டையால திரும்பி உள்ள போகோணும், அந்த வளைவில ஈரம் இருந்தா, கரி அடைச்சிருந்தா, விசைய இழுத்தாலும் பேசாம நிக்கும், இல்லாட்டி ரெண்டு செக்கன் கழிச்சு வெடிக்கும். அந்த ரெண்டு செக்கனுக்குள்ளதான் மனிசன் என்னடா எண்டு குழல் வாயப் பாக்கிறவன். வெடிக்காட்டி பாதுகாப்பான பக்கம் நீட்டினபடி ஆகக் குறைஞ்சது ஒரு நிமிசம் அசையாம நிக்கோணும் எண்டு அவர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். இப்பத்த ரைபிளில நெருப்பு பின்னால இருந்து நேரா மருந்துக்குள்ள போகுது. மிசூரி மாநிலத்தில டோனி நைட் எண்டவர் 1985இல எம்.கே.85 எண்டு ஒண்ட இப்பிடிச் செய்து வித்தாப் பிறகுதான் இந்த நேர் அமைப்பு வேட்டைக்காரரிட்டப் பரவினது. இப்ப ஷொட்கன் தோட்டாவில நெருப்புப் பத்த வைக்கிற 209 எண்ட சின்ன மூடிய, பிறைமர் எண்டுறது, அதையே எடுத்து இதுக்குப் போடுறாங்கள், அது சூடு கூடின நெருப்பு, மூடின அறைக்குள்ள இருக்கிறதால மழைத்தண்ணியும் போகாது. இன்னொண்டு, பிறைமரக் கழட்டினா துவக்கு நித்திரை. அங்க பல மாநிலத்தில பிறைமர் இல்லாட்டி அது நிரப்பாத துவக்கு எண்டுதான் சட்டமே சொல்லுது. வாகனத்தில ஏற முதல், வேலி தாண்ட முதல், பரணில ஏற முதல் அத எடுத்து பொக்கற்றில போட்டாச் சரி.

குழலப் பற்றி நான் கன நேரம் கேட்டன், என்ர தொழில் அதுதானே. கூடுதலான ரைபிள் ஐம்பது கலிபர், அதாவது குழலின்ர உள்விட்டம் 12.7 மில்லிமீற்றர். உள்ளுக்கு வெட்டியிருக்கிற சுருள் 28 இஞ்சிக்கு ஒரு சுத்து. பழைய உருண்டை ஈயக்குண்டுக்கு 66 இஞ்சிக்கு ஒரு சுத்து காணும், இதில போடுறது நீளமான சன்னம், பிளாஸ்டிக் சட்டை போட்டது, நீளமான சன்னம் ஆடாமப் போகோணும் எண்டா வேகமாச் சுத்தோணும். 48 எண்டு இடைநடுவில வெட்டினதுகளும் இருக்கு, ரெண்டையும் ஒரு மாதிரிச் சமாளிக்கும், ஒண்டுக்கும் வடிவாப் பொருந்தாது. அவற்ற ரைபிள் சீ.வீ.ஏ. எண்ட கம்பனியின்ரது, குழல் ஸ்பெயினில பெர்காரா எண்ட இடத்தில செய்தது. அந்த நாட்டில துவக்கு விக்க முதல் கூடின மருந்து போட்டு வெடிக்க வைச்சுப் பாத்து முத்திரை குத்தோணும் எண்டு சட்டம். இங்கிலாந்தில பேர்மிங்ஹாமில இந்தச் சோதினைக்கெண்டே ஒரு நிலையம் 1813இல இருந்து இருக்கு. அண்ணன் ஒண்டுதான் எண்டு எழுதினார் எல்லோ, அந்த முத்திரைக்கு என்ன சொல்லுவார்? பைப்ப ஆர் சோதிச்சது? முதல் சோதினை சுடுறவன்ர கன்னத்தோடதானே நடக்குது.

மருந்து விசயத்திலயும் எங்கட ஆக்களுக்கு ஒரு பிழையான எண்ணம் இருக்கு, கூடப் போட்டா கூடப் பாயும் எண்டு. அந்தப் பெரியவற்ற துவக்கில 150 கிரெயின் வரைக்கும் போடலாம் எண்டு புத்தகத்தில இருக்காம், அவர் 90க்கு மேல போறதில்ல, 90இல மூண்டு வெடியும் ஒரு இடத்தில விழுது, கூட்டினா சிதறுது எண்டு கடுதாசியில துளையக் காட்டினார். 100 கிரெயின் எண்டா கறுப்பு மருந்தில ஆறரை கிராம் அளவுதான், அதுவும் நிறுக்கிறேல்ல, அதுக்கெண்டு இருக்கிற குப்பியால கொள்ளளவு பாத்து அளக்கிறது. பைரோடெக்ஸ், பிளாக்ஹோர்ன் 209 எண்டு கறுப்பு மருந்துக்குப் பதிலா வாற மருந்துகளுக்கும் அந்தக் குப்பிதான், நிறுத்துப் போட்டாக் கணக்கு மாறிப்போகும். தோட்டாவுக்குள்ள இருக்கிற புகையில்லாத மருந்த இதுக்குள்ள போடவே கூடாது, அதுக்கெண்டே விசேசமாச் செய்த ஒரு சில துவக்கத் தவிர மற்றதெல்லாம் கையிலயே வெடிச்சுப்போகும்.

பேந்து கறள். மருந்துக் கரி காத்தில இருக்கிற ஈரத்த உறிஞ்சும், ஒரு ரா விட்டாலே குழல் தின்னத் தொடங்கும், அதால சுட்ட அண்டைக்கே சுடுதண்ணியும் சவுக்காரமும் போட்டுக் கழுவி எண்ணெய் பூசோணும். அது பென்சில்வேனியாக் குளிரில. எங்கட உப்புவெளிக் காத்தில சைக்கிள் செயினே ஒரு மாரிக்குத் தாங்குதில்ல, கூரைக்குள்ள சாக்கில சுத்தி ஒளிச்சு வைச்ச பைப்ப நினைச்சுப் பாருங்கோ. ஒளிச்சு வைச்ச சாமான ஆர் முற்றத்தில வைச்சுக் கழுவுவான்?

இனி நெஞ்சுக்குள்ள ஏதோ செய்தது எண்டனே, அதச் சொல்றன். என்ர பெரியம்மான்ர மகன், எனக்குத் தம்பி முறை, தம்பலகாமப் பக்கம் வயல். யுத்தப் பிரச்சினைக்கு முதல் அவையின்ர வீட்டில லைசன்ஸ் துவக்கு ஒண்டு இருந்தது, அந்தக் காலம் எல்லாரின்ர துவக்கும் ஒரு பக்கம் இல்லாட்டி மற்றப்பக்கம் எடுத்துக்கொண்டு போச்சினம், பேந்து திரும்பி வரேல்ல. இடம்பெயர்ந்து திரும்பி வந்து வயல் செய்யத் தொடங்கினா பண்டி. ஆரோ செய்து குடுத்த இடியன் ஒண்ட வாங்கியிருக்கிறான், வீட்டுக்கும் தெரியாது. ஒரு பெரும்போகம், மழை தூறிக்கொண்டு இருந்தது, பரணில இருந்தவன் பின்னேரம் நிரப்பி வைச்சிருக்கிறான், சாமத்தில பண்டிச் சத்தம் கேட்டு எழும்பினவனுக்கு நிரப்பினதோ இல்லையோ எண்டு ஞாபகமில்ல. இருட்டு. கம்பியில கோடு இல்ல. பின்னால திறந்து பாக்கவும் ஏலாது. எதுக்கும் எண்டு திரும்பவும் நிரப்பியிருக்கிறான். இடது கையில மூண்டு விரலும் ஒரு கண்ணும் போச்சு. விடியும் வரைக்கும் ஆசுப்பத்திரிக்குப் போக மாட்டன் எண்டு அடம்பிடிச்சவன், போனா பொலிஸ் வரும் எண்ட பயத்தில. சாரத்தால கையச் சுத்திக்கொண்டு வரம்பில இருந்திருக்கிறான், அவன்ர மனிசி வந்து பாத்துக் குழறினாப் பிறகுதான் கொண்டு போனது. அந்தக் கண் நேரத்துக்குப் போயிருந்தாத் தப்பியிருக்குமோ எண்டு இண்டைக்கும் அவ கேக்கிறவ.

இதுதான் அந்தப் பேனைக் கோட்டப் பாக்கேக்க எனக்கு ஞாபகம் வந்தது. ரெண்டு கோடு. அதையும் அந்தப் பெரியவரிட்டச் சொன்னன், மகள் மொழிபெயர்த்தவ. அவர் கன நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. அடுத்த சனிக்கிழமை எங்கள கெட்டிஸ்பேர்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார், 1863இல அவையின்ர உள்நாட்டு யுத்தத்தில பெரிய சண்டை நடந்த இடம். சண்டை முடிஞ்சு பொறுக்கின துவக்குகளில ஆயிரக்கணக்கானதுக்குள்ள ஒண்டுக்கு மேல ஒண்டா நிரப்பின மருந்தும் குண்டும் வெடிக்காமக் கிடந்ததாம், ஒண்டுக்குள்ள மட்டும் 23 தரம் நிரப்பியிருந்ததாம் எண்டு சொன்னார். பயிற்சி எடுத்த படைவீரனுக்கே பதட்டத்தில அது நடக்குது, உங்கட சகோதரன்ர பிழை எண்டு நினைக்காதேங்கோ எண்டார். ஊருக்கு வந்து அதத் தம்பியிட்டச் சொன்னன்.

எங்கட ஊருக்கு இந்தச் சாமான் புதுசும் இல்ல. கோட்டைக்குள்ள கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கிடக்கிற பீரங்கிகளும் வாயால மருந்து போட்டதுதான், போர்த்துக்கீசன், ஒல்லாந்தன், 1782இல பிரெஞ்சுக்காரன், 1795இல இங்கிலீசுக்காரன் எண்டு மாறி மாறி எல்லாரும் இடிச்சு நிரப்பின இடம். துவக்கு எண்ட சொல்லே துருக்கிப் பக்கத்துச் சொல் கடலால வந்து எங்கட வாயில மாறினது. கண்டி ராச்சியத்துக் கொல்லர் அந்தக் காலத்திலயே நல்ல துவக்கு செய்தவங்கள். அப்ப தமிழனுக்கோ சிங்களவனுக்கோ செய்யத் தெரியாது எண்டு இல்ல ஐயா, ஒளிச்சுச் செய்யிற சாமானுக்கு அளவும் இல்ல, சோதினையும் இல்ல, பிழை விட்டா வந்து கேக்க ஆளும் இல்ல எண்டதுதான் விசயம்.

மிருகம் கம்பியில தட்டினாத் தானா வெடிக்கிற கட்டுத்துவக்கு பற்றியும் சொல்லாம விட ஏலாது. கம்பியக் கட்டிப்போட்டு வீட்ட போய்ப் படுக்கிறது வேட்டையே இல்ல. பின்னால கண் இல்ல, கை இல்ல, வாறது பண்டியா, தேன் எடுக்கப் போனவனா, மாடு தேடிப் போன பொடியனா எண்டு அதுக்குத் தெரியாது. முழங்காலுக்குக் கீழ சிதறினபடி வந்த ஆக்கள எங்கட பக்கம் எல்லாருக்கும் தெரியும். தீனுக்குள்ள வெடி வைக்கிற ஹக்கபட்டாஸும் அப்பிடித்தான், பண்டிக்கு வைச்சத யானைக்குட்டி கடிச்சு வாய் கிழிஞ்சு கிழமைக்கணக்கில பட்டினி கிடந்து சாகுது. இதுகளுக்கு லைசன்ஸும் குடுக்கக் கூடாது, மன்னிப்பும் குடுக்கக் கூடாது.

அப்ப அந்த அமெரிக்க ரைபிள் எங்கட வயலுக்குச் சரியோ எண்டு கேட்டா, எவ்வளவு நல்ல சாமான் எண்டு இவ்வளவு எழுதின நானே சரியில்ல எண்டுதான் சொல்லுவன். அது பகல் வெளிச்சத்தில, ஒரு மிருகத்த, நூறு யார்க்குள்ள பொறுமையாப் பாத்து, ஒரே ஒரு வெடி வைக்கிறவனுக்குச் செய்தது. திரும்ப நிரப்ப அரை நிமிசமாவது வேணும். பண்டி வாறது சாமத்தில, கூட்டமா, மாரி மழைக்குள்ள. அதோட அங்க மலைச் சரிவு, தவறின சன்னம் மண்ணுக்குள்ள போகும். தம்பலகாமத்திலயும் மூதூரிலயும் கந்தளாயிலயும் வயல் தட்டையாப் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கு, அடுத்த வரம்பில அடுத்த பரண், அதுக்குள்ள ஒருத்தன் படுத்திருப்பான். ரைபிள் சன்னம் அவனையும் தாண்டிப் போகும். எங்களுக்கு வேண்டியது லைசன்ஸோட ஒரு சாதாரண தோட்டாத் துவக்கு, சில்லுச் சில்லாச் சிதறி கிட்டடியிலயே வேகம் குறையிறது, அதோட அத எப்பிடிப் பிடிக்கிறது, எப்பிடிக் கழட்டுறது, எங்க பூட்டி வைக்கிறது எண்டு ஒருநாள் இருத்திப் படிப்பிக்கிற ஒரு ஆள். கூடுதலான நாளில மேல ஒரு வெடி வைச்சாலே பண்டி ஓடும்.

மானைப் பற்றி நினைக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லு. அங்க மான் சுடுறாங்கள் எண்டு இங்க ஒருத்தரும் கிளம்ப வேண்டாம், 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இண்டைக்கும் நிக்குது, மான் மரை பாதுகாக்கப்பட்ட சாதி. எங்கட டவுனுக்குள்ள புள்ளிமான் ரோட்டில படுக்குது, பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர கையில இருந்து வாங்கித் தின்னுது, அத நினைச்சா எனக்கு இந்த ஊரில பிறந்தது பெருமையாத்தான் இருக்கு.

1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டப்படி ஆர் துவக்கு வைச்சிருந்தாலும் லைசன்ஸ் வேணும், வருசா வருசம் புதுப்பிக்கோணும், அது சரியான விசயம். ஆனா ஒரு வயல்காரன் அத எடுக்கிறதுக்கு கிராம சேவையாளர், பொலிஸ், பிரதேச செயலகம், கச்சேரி எண்டு ஏறி இறங்கி, இங்க ஒரு கடிதம் அங்க ஒரு கடிதம் எண்டு அலைஞ்சு முடியிறதுக்குள்ள ரெண்டு போகம் பண்டிக்குப் போயிடும். என்ர தம்பியும் அந்த அலைச்சலில களைச்சுத்தான் களவாப் போனவன். 2025 மார்ச் 15 காலமை எட்டு மணிக்கு நாடு முழுக்க அஞ்சு நிமிசம் பயிர் அழிக்கிற குரங்கும் மயிலும் எண்ணச் சொல்லி எல்லாரையும் வளவுக்குள்ள நிக்க வைச்ச அரசாங்கத்துக்கு, ஒரு விண்ணப்பத்த ஒரு போகத்துக்குள்ள பாத்து ஓம் இல்லை எண்டு பதில் சொல்ல ஏலாதா?

ஐயா, உங்களிட்ட ரெண்டு விசயம் கேக்கிறன். ஒண்டு, செய்தி எழுதேக்க பைப்பில செய்ததையும், கட்டி வைச்ச வெடியையும், முத்திரை குத்தின ரைபிளையும் எல்லாம் இடியன் எண்டு ஒரே சொல்லில போடாதேங்கோ, எது எதெண்டு பிரிச்சு எழுதுங்கோ, வாசிக்கிற பொடியளுக்கு வித்தியாசம் தெரியட்டும். மற்றது, விவசாயத் துவக்கு லைசன்ஸுக்கு எந்தப் படிவம், எங்க எடுக்கிறது, ஆர் ஆர் கையெழுத்து, எவ்வளவு காசு எண்டு சரியா விசாரிச்சு ஒரு ஞாயிறு அரைப் பக்கம் போடுங்கோ. போன கிழமை வெருகல் பக்கத்துப் பொடியன் ஒருத்தன் உரச்சாக்கோட பட்டறைக்கு வந்தவன், 20 வயசுகூட இருக்காது, இந்தக் கதையெல்லாம் சொல்லித் தம்பியின்ர கையையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன். அப்ப வேற என்ன வழி அய்யா எண்டு கேட்டான், எனக்குப் படிவத்தின்ர பேர்கூடச் சொல்லத் தெரியேல்ல. பைப்ப என்னட்டயே விட்டிட்டுப் போட்டான், ஞாயிறு பேப்பர் பாக்கச் சொல்லி விட்டிருக்கிறன்.

இப்படிக்கு,
வயசான கடைசல்காரன்,
உப்புவெளி, திருகோணமலை.